பிடித்துக்கொண்ட அம்பாசிடர் இன்ஜின்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வடசென்னையில் பல ஆண்டுகளாக நிறுத்திவைத்த பழைய காரின் இன்ஜினைப் பிரிக்கத் தொடங்குபவருக்கு முதலில் எதிர்ப்படுவது தேய்மானம் அல்ல, துரு. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி நீளும் தெருக்களில் உப்பேறிய ஈரக்காற்று ஏர் கிளீனர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் நுழைந்து, திறந்து நிற்கும் வால்வைக் கடந்து சிலிண்டருக்குள் போய்விடுகிறது. வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி போன்ற தாழ்வான பகுதிகளில் 2015 டிசம்பர் மழையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்திலும் நின்ற வண்டிகளுக்கு இந்த வேலையைக் காற்று செய்யத் தேவையே இருக்கவில்லை. தண்ணீரே நேராக உள்ளே போயிருக்கும்.

இந்த வழிமுறை முதன்மையாக அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இந்த இன்ஜினில் சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டும் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்குக்கு மூன்று மெயின் பேரிங், ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2. வடசென்னைக்கு இந்தக் குடும்பத்தோடு பழைய உறவும் உண்டு: 1948-ல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் பூட்டிய ஆஸ்டின் ஏ40 காரின் 1200 சிசி இன்ஜின்தான் பி-சீரிஸுக்கு முன்னோடி. பிரீமியர் பத்மினியின் ஹெட் அலுமினியம் என்பதால் அதற்கு வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

ஒரு பாகம் வர மறுக்கும்போது காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். கண்ணில் படாத ஏதோ ஒரு போல்ட்டோ ஊசியோ அதை இன்னும் பிடித்திருக்கலாம். துருவோ, பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட்டோ ஒட்டியிருக்கலாம். அல்லது பாகமே வளைந்து, விளிம்பு பிதுங்கித் தன் வழியைத் தானே அடைத்திருக்கலாம். முதலாவதற்கு விசை தேவையே இல்லை, இரண்டாவதற்கு நேரம் தேவை, மூன்றாவதற்கு அரம் தேவை. சுத்தியலால் உடைந்த பாகங்களில் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை என்பது என் கணிப்பு. பக்கத்தில் நிற்கும் தம்பி, “இன்னும் ஒரே ஒரு தட்டுண்ணே, வந்துடும்” என்று சொல்லும் கணத்தில்தான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு விளக்கைக் கையில் எடுக்க வேண்டும்.

அறிகுறி: கிராங்க் எந்தப் பக்கமும் அசையவில்லை

எதையும் சுற்றிப் பார்ப்பதற்கு முன் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிடவும். சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்திருந்தால் அது அமுங்காது. பிளக்குகள் இருக்கும் நிலையில் ஸ்டார்ட்டரைக் கொடுத்தால், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கன்ராடு வளையும், அந்த வளைவு இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகுதான் தெரியவரும். வெள்ளத்தில் நின்ற வண்டியானால் ஆயில் டிரெயின் பிளக்கை ஓரிரு மரை மட்டும் தளர்த்தி, கீழே ஒரு வெள்ளைக் கிண்ணத்தைப் பிடிக்கவும். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால், இன்ஜினின் கீழுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பின் அடியில்தான் தங்கியிருக்கும். முதலில் தெளிந்த நீர், பிறகு பால் விட்ட காப்பி நிறத்தில் ஒரு கலவை, அதன் பிறகே கறுத்த ஆயில் என்று வரிசையாக வருமானால், பிரச்சினை சிலிண்டர்களோடு நிற்கவில்லை, பேரிங்குகளையும் பார்த்தாக வேண்டும் என்று பொருள்.

அடுத்து, பிடித்திருப்பது இன்ஜின்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். ஃபேன் பெல்ட்டைக் கழற்றினால் டைனமோவும் வாட்டர் பம்பும் கணக்கிலிருந்து விலகிவிடும். வாட்டர் பம்பின் பேரிங் துருவேறி இறுகிய வண்டியை, இன்ஜினே பிடித்துவிட்டது என்று சொல்லி விற்பதுண்டு. ஸ்டார்ட்டரின் பினியன் பல் ஃப்ளைவீலின் ரிங் கியரில் மாட்டிக்கொண்டிருந்தாலும் கிராங்க் அசையாது. லூகாஸ் வகைப் பழைய ஸ்டார்ட்டர்களின் பின்முனையில் ஒரு சிறு மூடிக்குள் சதுர முனை இருக்கும், அதை ஸ்பேனரால் திருப்பினால் பினியன் விடுபடும். முனை இல்லாத வகையானால் ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டே சோதிக்கவும்.

கியர் நியூட்ரலில் இருக்க, ஹேண்டிலோ கிராங்க் புல்லி போல்ட்டின் மேல் வைத்த சாக்கெட்டோ கொண்டு கைபலத்தில் மட்டும் திருப்பிப் பார்க்கவும். நீளக் குழாயை மாட்டி ஆளைத் தொங்கவிடுவது இந்தக் கட்டத்தில் கூடாது. துளியும் அசையாவிட்டால் பிஸ்டன் ரிங்குகள் போரோடு (சிலிண்டரின் உட்சுவர்) துருவால் ஒட்டியிருக்கின்றன என்று கொள்ளலாம். ஆனால் இரண்டு மூன்று டிகிரி அசைந்து நிற்குமானால் அது நல்ல செய்தி.

கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டுவதும் உண்டு. இதில் இன்ஜின் சுற்றும், ஆனால் கிளட்சை மிதித்தாலும் கியர் நரநரக்கும். இன்ஜினைப் பிரிக்கவே போகிறோம் என்றால் இதற்காகத் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. கியர்பாக்ஸைப் பிரித்து, பிரஷர் பிளேட்டையும் கழற்றினால் அதை எடுத்துவிடலாம். கியர்பாக்ஸ் பிரிய மறுத்தால் பெல் ஹவுசிங்கின் சுற்றுப் போல்ட்டுகளை ஒன்று விடாமல் எண்ணவும். கண்ணுக்குத் தெரியாத மேற்பக்கப் போல்ட்டு ஒன்று இருந்தே தீரும். பிரியும் தறுவாயில் கியர்பாக்ஸின் பாரம் கிளட்ச் பிளேட்டின் மேல் தொங்காதபடி கீழே ஜாக்கி கொடுத்துக்கொள்ளவும்.

அறிகுறி: ஓரளவு சுற்றுகிறது, ஒரே இடத்தில் இடித்து நிற்கிறது

துரு இறுக்கும்போது கையில் ஒரு மந்தமான பிடிப்பு தெரியும். இடித்து நிற்பது வேறு: இரும்பு இரும்பைத் தொடும் கூர்மையான நிறுத்தம். பின்பக்கமாகச் சுற்றினால் தாராளமாகப் போய், மறுசுற்றில் மறுபக்கத்திலிருந்து அதே இடத்தில் இடிக்குமானால் சிலிண்டருக்குள் ஏதோ கிடக்கிறது அல்லது வால்வு ஒன்று திறந்தபடியே நிற்கிறது. ராக்கர் மூடியைக் கழற்றி எட்டு வால்வு ஸ்பிரிங்குகளின் உயரத்தையும் பக்கவாட்டில் நின்று ஒப்பிடவும். ராக்கர் அழுத்தாத நிலையிலும் ஒரு ஸ்பிரிங் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தால் அந்த வால்வின் தண்டு, தான் ஏறி இறங்கும் குழலான கைடில் இறுகியிருக்கிறது. அதன் ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ் ராடை உருவி, சமதளக் கண்ணாடியின் மேல் உருட்டிப் பார்த்தால் வளைவு உடனே தெரியும்.

வால்வுகள் சரியாக இருந்தால் பிளக் துளை வழியாகச் சிறு கேமராவை விட்டுப் பார்க்கலாம். கைப்பேசியில் செருகும் வகை இப்போது மலிவாகவே கிடைக்கிறது. கார்புரேட்டரின் சிறு திருகோ வாஷரோ, திறந்து கிடந்த இன்டேக் வழியாக எலி கொண்டுவந்து சேர்த்த பொருளோ உள்ளே இருந்தால் ஹெட்டைத் தூக்குவதைத் தவிர வழி இல்லை. அதற்குமேல் ஒரு முறைகூடச் சுற்றிப் பார்க்க வேண்டாம்.

அறிகுறி: பிஸ்டன் போரோடு ஒட்டிக்கொண்டது

நான்கு சிலிண்டர் இன்ஜின் நிற்கும்போது பொதுவாக இரண்டு சிலிண்டர்களின் வால்வுகள் மூடியும், மற்ற இரண்டில் ஏதோ ஒரு வால்வு திறந்தும் இருக்கும். திறந்த வால்வின் வழியாகத்தான் கடற்காற்று உள்ளே போகிறது. எனவே நான்கு பிஸ்டன்களும் ஒருசேரப் பிடித்துக்கொள்வது வெள்ளத்தில் மூழ்கிய இன்ஜின்களில்தான் அதிகம்; சும்மா நின்ற இன்ஜினில் குற்றவாளி ஒன்றோ இரண்டோதான். அது எது என்று கண்டுபிடித்துவிட்டால் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நான்கு பிளக் துளைகளிலும் சம அளவாக, ஐம்பது மில்லி அளவுக்கு, டீசலும் மெல்லிய ஆயிலும் கலந்து ஊற்றி, மறுநாள் காலையில் மெல்லிய கம்பியை விட்டு மட்டம் பார்க்கவும். திரவம் சம்ப்புக்கு இறங்கிவிட்ட சிலிண்டர்களில் ரிங்குக்கும் போருக்கும் இடையே வழி இருக்கிறது. அப்படியே நிற்கும் சிலிண்டரில் துரு அந்த இடைவெளியை அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். திறந்த வால்வு வழியாக மேனிஃபோல்டுக்குள்ளும் (ஹெட்டோடு சேரும் காற்று, புகைக் குழாய்கள்) கொஞ்சம் வழியக்கூடும் என்பதால் அங்கும் பார்த்துவிட்டே முடிவுக்கு வர வேண்டும்.

ஊறவைக்கும் திரவத்தைப் பற்றி ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். மண்ணெண்ணெய், பிரேக் ஆயில், கோலா பானம் வரை பட்டியல் நீளும். நான் நம்புவது அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலையும் பாதிக்குப் பாதி சேர்த்த கலவையை. அசிட்டோன் பாரிமுனைக்கு அருகிலேயே நைனியப்ப நாயக்கன் தெருவின் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். இவை இரண்டும் ஒன்றோடொன்று நிலையாகக் கலப்பதில்லை. விட்டு வைத்தால் பிரிந்து நிற்கும். ஆகவே ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் குலுக்கி ஊற்ற வேண்டும். அசிட்டோன் விரைவாக ஆவியாகித் தீப்பற்றக்கூடியது என்பதால் மூடிய ஷெட்டுக்குள், வெல்டிங் நடக்கும் இடத்தருகில், இதைச் செய்யக்கூடாது. பெயின்டிலும் ரப்பரிலும் படாமல் பார்த்துக்கொள்ளவும். கோலா துருவைக் கொஞ்சம் அரிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது அமிலமும் சர்க்கரைத் தண்ணீரும். அதை உள்ளே விட்டு இரண்டு நாள் மறந்துபோனால் புதுத் துருவுக்கு நாமே வழிவிட்டதாகும்.

தினமும் காலையும் மாலையும் கலவையைச் சேர்த்து, கிராங்கைக் கைபலத்தில் முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கவும். ஒரு மில்லிமீட்டர் அசைந்துவிட்டால் அதற்குமேல் முன்னோக்கித் தள்ளும் ஆசையை அடக்கிக்கொண்டு, அந்த ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே பலமுறை முன்பின்னாக ஆட்ட வேண்டும். உதிர்ந்த துருத்தூள் ரிங்குக்கு முன்னால் குவிந்து ஆப்பாக இறுகாமல் இருக்க இதுவே வழி.

ஒரு வாரத்துக்குமேல் ஊறியும் அசையாவிட்டால் வெப்பத்துக்குப் போகலாம், ஆனால் அதன் கணக்கைப் புரிந்துகொண்டு போக வேண்டும். அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் சுமார் இரண்டு மடங்கு விரியும். 73 மில்லிமீட்டர் போரும் அதனுள் இருக்கும் பிஸ்டனும் சேர்ந்து 80 டிகிரி சூடேறினால் போர் ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டரும் பிஸ்டன் 0.12 மில்லிமீட்டருக்கு மேலும் விரியும். அதாவது சூட்டில் பிடிப்பு இன்னும் இறுகும். அதனால் சூடாக இருக்கும்போது தட்டுவது பயனற்றது. சூடு ஏறும்போது துருப்படலம் நசுங்கி விரிசல் விடுகிறது, ஆறும்போது பிஸ்டன் அதிகமாகச் சுருங்கி அந்த விரிசல் வழியே எண்ணெயை உள்ளே இழுக்கிறது. எனவே வாட்டர் ஜாக்கெட்டில் கொதிநீரை விட்டுச் சூடேற்றி, ஆறவிட்டு, கலவையை ஊற்றி, மறுநாள் மீண்டும் செய்வதே முறை. பிளாக்கின் ஒரே இடத்தில் கேஸ் டார்ச்சின் ஜுவாலையைக் காட்டினால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

ஹெட் இன்னும் பிளாக்கின் மேல் இருந்தால் கிரீஸ் கன் முறையும் உண்டு. பழைய பிளக் ஒன்றின் உட்பகுதியை நீக்கி, கிரீஸ் நிப்பிளைப் பொருத்தித் தரும்படி லேத் பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். புஷ் ராடுகளை உருவி எல்லா வால்வுகளும் மூடியிருப்பதை உறுதிசெய்துவிட்டு, அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் கிரீஸை ஏற்ற வேண்டும். அந்தப் போரின் குறுக்குப் பரப்பு சுமார் 42 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தம் எழுந்தாலே பிஸ்டன் தலையின் மேல் 420 கிலோ விசை விழும். 100 கிலோவானால் நான்கு டன்னைத் தாண்டும். இந்த விசை தலை முழுவதும் சமமாகப் பரவுவதால் சுத்தியலைவிடப் பாதுகாப்பானது. ஆனால் பிஸ்டன் உச்சியிலோ அடியிலோ சரியாக நின்றிருந்தால் எத்தனை டன் கொடுத்தாலும் கிராங்க் திரும்பாது, கன்ராடுதான் வருந்தும். பாதிவழியில் நிற்கும் பிஸ்டனுக்கே இது பொருந்தும். கிரீஸுக்குப் பதிலாகக் கம்ப்ரெசர் காற்றை விடலாமே என்று கேட்பார்கள். விடக்கூடாது. அமுங்கிய காற்று திடீரென்று விரியும்போது பிஸ்டனையும் அடாப்டரையும் எந்தப் பக்கம் எறியும் என்று சொல்ல முடியாது.

ஹெட்டும் சம்ப்பும் கழன்ற நிலையில், கன்ராடுகளைக் கிராங்கிலிருந்து விடுவித்துக் கிராங்கையே வெளியே எடுத்துவிட்டால் ஒவ்வொரு பிஸ்டனையும் தனித்தனியாகக் கையாளலாம். போருக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைவாக, கருவேலம் போன்ற கெட்டிக் கட்டையில் உருளை ஒன்று கடைந்து வாங்கிக்கொள்ளவும். அடி பிஸ்டன் தலையின் நடுவில் விழாமல் விளிம்பில் விழ வேண்டும் என்பதே நோக்கம். நடுவில் விழுந்தால் தலையில் விரிசல் வரும். முதல் தட்டுகள் பிஸ்டனைக் கீழ்நோக்கிச் சில மில்லிமீட்டர் நகர்த்தவே. பிறகுதான் மேல்நோக்கி எடுக்க வேண்டும், அதற்கு முன் போரின் மேல்விளிம்பை விரல் நகத்தால் தடவிப் பார்க்கவும். நீண்ட நாள் ஓடிய இன்ஜினில் ரிங் எட்டாத மேற்பகுதி தேயாமல் படிபோல் நிற்கும். நகம் அதில் மாட்டுமானால் ரிட்ஜ் ரீமரால் அதை நீக்காமல் பிஸ்டனை மேலே அடிக்கக்கூடாது. அடித்தால் ரிங்கோடு பிஸ்டனின் ரிங் பள்ளமும் உடையும்.

இத்தனைக்கும் வராத பிஸ்டனைப் பலியிட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. துளையிட்டு, உடைத்து, துண்டு துண்டாக எடுத்தால் நட்டம் பிஸ்டனோடு போய்விடும். அம்பாசிடர் பிஸ்டனும் ரிங் செட்டும் புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். பிளாக்கின் இன்ஜின் நம்பரோ ஆர்சி புத்தகத்தில் ஏறியிருக்கிறது. பிளாக்கை மாற்றினால் தண்டையார்பேட்டை ஆர்டிஓ அலுவலகம் போன்ற பதிவு அலுவலகத்தில் அந்த மாற்றத்தைப் பதிய வேண்டிவரும். போரில் ஆழமான குழி விழுந்திருந்தாலும் லைனர் (சிலிண்டருக்குள் இறக்கும் உட்குழல்) போட்டுப் பிளாக்கைக் காப்பாற்றலாம்.

பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அதன் இன்ஜினில் லைனர்கள் தண்ணீரில் நிற்கும் ஈர வகை. ஹெட்டைத் தூக்கிய பிறகு லைனர்களைக் கிளாம்ப் செய்யாமல் கிராங்கைச் சுற்றினால், ஒட்டிய பிஸ்டன் லைனரையே மேலே இழுத்துவந்துவிடும். பிஸ்டன் விடுபட்டுவிட்டது என்று மகிழ்ந்தவர் அடியில் கேஸ்கெட் கிழிந்திருப்பதைப் பிறகுதான் பார்ப்பார்.

அறிகுறி: நட்டுகள் எல்லாம் கழன்றும் ஹெட் எழவில்லை

முதலில் எல்லாம் கழன்றனவா என்பதையே சந்தேகிக்க வேண்டும். இந்த இன்ஜினில் ராக்கர் ஷாஃப்ட் தாங்கிகளைப் பிடிக்கும் பெரிய நட்டுகள் நான்கும், பிளாக்கில் நட்ட தலையில்லாப் போல்ட்டுகளான ஹெட் ஸ்டட்டுகளின் மேலேயே அமர்ந்தவை. ராக்கரைத் தனியாகக் கழற்றலாம் என்று அவற்றை மட்டும் முதலில் விட்டால் ஹெட்டின் ஒரு பக்கம் தளர்ந்து, மறுபக்கம் இறுகி, ஹெட் வளைய இடமாகும். எல்லா நட்டுகளையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சிறிது சிறிதாகச் சேர்த்தே தளர்த்த வேண்டும். பிறகு டெம்பரேச்சர் பல்ப், ஹீட்டர் குழாய், வேக்கும் குழாய், எக்ஸாஸ்ட் பைப்பின் கிளாம்ப் ஆகியவை விடுபட்டனவா என்று பாருங்கள்.

அதன் பிறகும் எழாவிட்டால் பிடித்திருப்பது கேஸ்கெட்டும் ஸ்டட்டுகளும். ஸ்டட்டுக்கும் ஹெட்டின் துளைக்கும் இடையிலுள்ள மெல்லிய வளையத்தில் கூலன்ட் கசிந்து துருவாகி நிற்கும். துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்வது. ஒவ்வொரு ஸ்டட்டைச் சுற்றியும் கலவையை விட்டு ஊறவைத்து, இரண்டு நட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டி இறுக்கி, கீழ் நட்டைத் திருப்பி ஸ்டட்டையே உருவிவிடுவது மிக நல்ல வழி. பத்மினியில் அலுமினிய ஹெட்டும் எஃகு ஸ்டட்டும் உப்புநீர் பட்டால் மின்கலம்போல் வினைபுரிந்து வெள்ளைப் பொடியாக இறுகும்; அங்கே கொதிநீர் ஊற்றினால் அலுமினியம் கூடுதலாக விரிந்து துளை பெரிதாகும் என்பதால், பிஸ்டனுக்கு உதவாத சூடு இங்கே நேராக உதவும்.

பிஸ்டன்கள் அசையும் இன்ஜினானால் இன்னொரு வழி உண்டு. பிளக் துளை வழியாகப் பருத்திக் கயிற்றைச் சுருள் சுருளாக உள்ளே திணித்து, வால்வுகள் மூடியிருக்கும் சுற்றில் கிராங்கைத் திருப்பினால் பிஸ்டன் கயிற்றை அழுத்தி ஹெட்டை அடியிலிருந்து தூக்கும். கயிற்றின் முனை வெளியே நிற்கும்படி விடுவது முக்கியம். நட்டுகளை முழுவதும் கழற்றாமல் இரண்டு மரை விட்டுவைத்தால் ஹெட் துள்ளி விழாது. திருப்புளியையோ உளியையோ கேஸ்கெட் இடைவெளியில் செருகி நெம்புவதை மட்டும் எவர் சொன்னாலும் செய்யாதீர்கள்; அது விடும் கீறல் வழியாகத்தான் புதுக் கேஸ்கெட் பின்னால் ஊதும். மேனிஃபோல்டைக் கழற்றாமல் விட்டால் பிடித்து ஆட்ட நல்ல கைப்பிடி கிடைக்கும்.

அறிகுறி: நட்டு வழுக்குகிறது அல்லது ஸ்டட் முறிந்தது

அம்பாசிடர் இன்ஜினின் நட்டு போல்ட்டுகள் அங்குல அளவில் அமைந்தவை, பத்மினியில் மில்லிமீட்டர். அரை அங்குல நட்டின் அகலம் 12.7 மில்லிமீட்டர், அதன் மேல் 13 ஸ்பேனரை வைத்தால் 0.3 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். இறுகாத நட்டுக்கு அது போதும், துருப்பிடித்த நட்டில் அந்த ஆட்டமே மூலைகளை உருட்டிவிடும். ஹெட் நட்டுகளின் அளவு பதினாறில் ஒன்பது அங்குலம், அதாவது 14.29 மில்லிமீட்டர். துரு தின்று சிறுத்துப்போன இவற்றின் மேல் ஆறு மூலையுள்ள 14 சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றினால் கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும். பன்னிரண்டு மூலை சாக்கெட் இந்த வேலைக்கு ஆகாது.

போல்ட்டு கழல்வதற்கும் முறுகுவதற்கும் உள்ள வேறுபாடு கைக்குத் தெரியும். கழலும் போல்ட்டு ‘டக்’கென்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்து, பிறகு சீரான எதிர்ப்போடு வரும். முறுகும் போல்ட்டு சத்தமின்றி, ஸ்பிரிங்கைத் திருகுவதுபோல் மெத்தென்று வரும், ஸ்பேனரை விட்டால் சற்றுப் பின்வாங்கும். அந்த மெத்தென்ற உணர்வு வந்தால் அங்கேயே நிறுத்தி, இறுக்கும் திசையில் சிறிது திருப்பி, ஊறவைத்து, மறுநாள் தொடரவும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஸ்டட்டுகளை, பெட்ரோல் லைனை மூடிவிட்டு, சுற்றிலும் சூடாக்கி மெழுகுவர்த்தியைத் தொட்டால் உருகிய மெழுகு மரைக்குள் இறங்கும்.

முறிந்தே விட்டால், வெளியே சிறிது நீட்டியிருக்கும் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டு செய்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் திருப்புவது முதல் வழி. வார்ப்பிரும்பில் சாதாரண வெல்டு எளிதில் ஒட்டாது என்பதால் பிளாக்கோடு சேர்ந்துவிடும் என்ற அச்சம் வேண்டாம். தளத்தோடு சமமாக முறிந்திருந்தால் சென்டர் பஞ்சு வைத்துச் சரியான நடுவில் துளையிட வேண்டும். இடதுபக்கம் சுற்றும் டிரில் பிட் கிடைத்தால் பல நேரம் துளையிடும்போதே துண்டு கழன்று வரும். துளையில் திருகித் துண்டை வெளியே எடுக்கும் ஈஸி-அவுட் கருவி உள்ளே முறிந்தால் அதன் கடினத்தை எந்தச் சாதாரண டிரில்லும் தாண்டாது. ஆகவே அது கடைசி ஆயுதம், அதுவும் இரண்டு கையாலும் சமமாகத் திருப்பும் டேப் ஹேண்டிலில் மட்டும்.

அறிகுறி: வால்வு கைடிலிருந்து வரவில்லை

ஸ்பிரிங்கும் அதைத் தண்டில் பூட்டும் காட்டரும் கழன்ற பிறகு வால்வு பாதிவரை இறங்கி நின்றுவிட்டால் தண்டின் நுனியைத் தடவிப் பார்க்கவும். ராக்கர் அடித்து அடித்து நுனி பிதுங்கியிருக்கும். அந்தப் பிதுக்கத்தை எண்ணெய்க்கல்லாலோ மெல்லிய அரத்தாலோ வட்டமாகத் தேய்த்து எடுத்துவிட்டால் வால்வு தானே விழும். அதைச் செய்யாமல் அடித்து இறக்கினால் கைடின் உட்புறம் முழுவதும் கீறல்.

அறிகுறி: கேம்ஷாஃப்ட் வெளியே உருவ முடியவில்லை

இது ஏறக்குறைய எப்போதும் மறந்துபோன பிடிப்புதான். முன்பக்கத் தகட்டின் போல்ட்டுகள், டிஸ்ட்ரிபியூட்டரின் கீழே உள்ள டிரைவ் ஸ்பிண்டில், டேப்பெட்டுகள் (கேமுக்கும் புஷ் ராடுக்கும் நடுவிலுள்ள சிறு உருளைகள்) ஆகியவைதாம் முக்கியமாக, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டை அதன் இடத்தில் வைத்திருக்கின்றன. டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்ததோடு நின்றுவிடுவார்கள். உள்ளே இருக்கும் ஸ்பிண்டிலின் தலையில் மரை இருக்கும், அதில் ஒரு நீளப் போல்ட்டைப் போட்டுத் திருப்பியபடியே மேலே இழுத்தால் வரும். டேப்பெட்டுகளை பிளாக்கின் பக்க மூடிகளைத் திறந்து எடுக்க வேண்டும். பழைய ஆயில் கருந்தார்போல் உறைந்து டேப்பெட் துளையில் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெயும் பொறுமையும் போதும், காந்தத்தால் சுழற்றி எடுக்கலாம். எந்த டேப்பெட் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று எண் போட்டு வைக்கவும்.

அறிகுறி: மெயின் பேரிங் தொப்பி அசையவில்லை

நட்டுகள் கழன்றும், பிளாக்கின் பள்ளத்துக்குள் கச்சிதமாக அமர்ந்த தொப்பிகள், குறிப்பாகப் பின்தொப்பி, கையோடு வராது. பக்கத்தில் அடித்துச் சாய்த்தால் உராய்ந்து இன்னும் இறுகும். நடுத் தொப்பியிலும் பின்தொப்பியிலும் மரையிட்ட துளை ஒன்று இருக்கும். அதில் பொருந்தும் போல்ட்டை ஸ்லைடு ஹேமரின் முனையில் மாட்டி நேர்மேலாக இழுப்பதற்காகவே அந்தத் துளை. அழுக்கு அடைத்து அது கண்ணில் படாமல் இருக்கும் என்பதால், முதலில் கம்பி பிரஷ்ஷால் துடைத்துத் தேடவும்.

கன்ராடில் பிஸ்டன் பின்னைக் கிளாம்ப் போல்ட்டு பிடிக்கும் வகையிலும் இதே நிலைதான். போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுவதும் எடுத்தால்தான் பின்னின் பள்ளத்திலிருந்து அது விலகும்.

அறிகுறி: எல்லாம் பூட்டிய பின் கிராங்க் ஓரிடத்தில் இறுகுகிறது

பிரிக்கும்போது தொப்பிகளுக்கு எண் குத்தாமல் விட்டதன் பலன் பெரும்பாலும் இங்கே தெரியவரும். ஒவ்வொரு தொப்பியும் தன் பிளாக்கோடும் தன் கன்ராடோடும் சேர்த்தே கடையப்பட்டது, இடம் மாறினால் வட்டம் கெடும். காரணத்தைத் தேட எல்லாக் கன்ராடுகளையும் விடுவித்துவிட்டு, மெயின் தொப்பிகளை மட்டும் டார்க் ரென்ச்சில் உரிய அளவுக்கு இறுக்கிக் கிராங்கைச் சுற்றவும். விரல் பலத்தில் சுற்றாவிட்டால் பழுது மெயினில்தான். ஒவ்வொரு தொப்பியாகத் தளர்த்தினால் எது என்று தெரியும். சுற்றினால் கன்ராடுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டி, ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஒரு முழுச்சுற்று சுற்றிப் பார்க்கவும். எந்தக் கன்ராடு சேர்ந்ததும் எதிர்ப்பு துள்ளி ஏறுகிறதோ, அதன் தொப்பி எண்ணையும் திசையையும் சரிபார்க்கவும். அவை சரியாக இருந்தும் இறுக்கம் நீடித்தால், அந்த வண்டி வெள்ளத்தில் நின்றதோ இல்லையோ, அந்தக் கன்ராடைப் பிஸ்டனோடு லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்று அலைன்மென்ட் ஜிக்கில் வைத்து வளைவு பார்க்கச் சொல்லவும். வளைந்திருந்தால் நிமிர்த்தாமல் மாற்றிவிடவும்.